அசுன்சியோனுக்குக் கிழக்கா, மேற்கா?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. எதிர்வீட்டு பெய்ஜுன், சோயாபால் கடை வரிசையில் நின்றுகொண்டு கையை வீசி வீசிச் சொன்னது. நான் எழுதிய முதல் வரி: "விமான நிலையம் பரபரப்பாக இருந்தது, அவள் மனத்தைப் போலவே அதுவும்..."

அடித்துவிட்டேன். எந்த விமான நிலையம்தான் பரபரப்பாக இல்லை?

2

பெய்ஜுன் தன்னார்வலர். முகம் தெரியாத ஒருவர் தானம் தந்த ஸ்டெம் செல்களைக் குளிர்பெட்டியில் வைத்து, முகம் தெரியாத நோயாளியிடம் சேர்ப்பவள். இம்முறை தைவானின் தாய்பெய்யிலிருந்து தென் அமெரிக்காவில் பராகுவேயின் தலைநகர் அசுன்சியோன். செல்களை எடுத்ததிலிருந்து கெடு நாற்பத்தெட்டு மணி நேரம். அங்கே புதுச் செல்களுக்கு இடம் வேண்டி நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்தாயிற்று. இந்தப் பெட்டி போனால்தான் உண்டு.

கணவர் தாவெய் முப்பது வருடம் விமானப் பாதை கணித்தவர். கிளம்புவதற்கு முந்தைய நாள் கொய்யாப்பழத்தில் ரப்பர் பேண்டை மாட்டிக் காட்டினார்.

"பத்தொன்பதாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர்! பூமிக்கு நேர் அந்தப்பக்கம். எந்தப் பக்கம் திரும்பிப் போனாலும் தூரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பாரேன்!"

"பழத்தைக் குடு, வெட்டணும்."

(இந்த இடத்தில் பூமி உருண்டை பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தாவெய்க்கு மட்டும் பிடித்திருந்தது.)

3

மறுநாள் மருத்துவமனையில் செல்கள் போதவில்லை. எடுத்து முடிக்க மூன்று மணி நேரம் கூடுதலாயிற்று. பதிவு செய்திருந்த விமானம் போய்விட்டது. காரில் தாவெய் ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டார்.

"கிழக்கால போ. லாஸ் ஏஞ்சலிஸ், பனாமா. காத்து பின்னாடி தள்ளும். முப்பத்திநாலு மணி நேரம்!"

"மேற்கால?"

"ஃபிராங்க்ஃபர்ட், சாவ் பாவ்லோ. முப்பத்தொம்பது. எதுக்கு அஞ்சு மணி நேரத்த வீணாக்கணும்?"

"பனாமால மாறுறதுக்கு எவ்ளோ நேரம் இருக்கு?"

தாவெய் ஹாரனை அழுத்தினார். முன்னால் வண்டியே இல்லை.

"எழுபது நிமிஷம்."

"விட்டுட்டா?"

"அடுத்தது... மறுநாள்தான்."

"சாவ் பாவ்லோல விட்டா?"

"ஒரு நாளைக்கு நாலு இருக்கு. ஆனா பெய்ஜுன், கணக்குப்படி..."

"ஒன் கணக்குல பெட்டி இல்ல தாவெய். என் மடியில இருக்கு. மேற்கால போறேன்."

4

ஃபிராங்க்ஃபர்ட்டில் பனி கொட்டியது. ஐந்து மணி நேரத் தாமதம். சாவ் பாவ்லோவில் இறங்கியபோது அசுன்சியோன் விமானம் கிளம்பிவிட்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி பெட்டியை அணைத்தபடி ஓடினாள், ஐயா, ஓடினாள்! அடுத்ததில் கடைசி இருக்கை கிடைத்தது. நாற்பத்தாறாவது மணியில் மருத்துவமனைத் தாதி பெட்டியை வாங்கிக் கையெழுத்திட்டாள். பெய்ஜுனுக்குக் கை இரண்டும் விறைத்திருந்தன. தாதியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்; மொழி தேவைப்படவில்லை.

நோயாளி பிழைத்தாரா? விதிப்படி ஒரு வருடத்துக்கு யாருக்கும் சொல்ல மாட்டார்கள். இப்போது மூன்றாவது மாதம்.

5

வீடு திரும்பியதும் பெய்ஜுன் கேட்டிருக்கிறாள்: "அன்னிக்குக் கிழக்கால போயிருந்தா பனாமால பிடிச்சிருப்பேனா?"

"பாக்கல" என்றாராம் தாவெய்.

அன்றைய விமான நேரங்களைப் பார்த்திருந்தார். எனக்கு மட்டும் சொன்னார். அதைத்தான் முடிவாக வைக்க நினைத்தேன்: "அன்று கிழக்கே போன விமானம் பனாமாவில்..."

வேண்டாம். பெய்ஜுன் இதைப் படிப்பாள். அவர் பார்த்தார் என்று எழுதியதே அதிகம்.

மிச்சத்தை நீங்களே எழுதுங்கள். ஆனால் எழுதும்போது அந்தப் பெட்டி உங்கள் மடியில் இருக்கட்டும்.