நூற்றைம்பது நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பா, "ஞானதுரை தராசைத் தொட்டா வந்த ஆளும் ஓடிருவான்" என்று சொல்லித்தான் என்னைக் கம்பவுண்டர் படிப்புக்கு அனுப்பினார். படித்து முடித்ததும் போடிமெட்டுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ஏலமுமாக இருந்த ஒரு எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. ஆறு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி. ஒரு நர்சம்மாவும் நானும். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார்.

ஐம்பத்தேழாம் வருஷம் வைத்திய அட்டை வந்தது. அட்டை உள்ள தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் கட்டில் உண்டு, மருந்து உண்டு. பிரசவம் என்றால் சம்பளத்தோடு லீவு. நிபந்தனை, பிரசவச் சம்பளத்துக்கு முன்பிருந்தே உள்ளதுதான்: கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் நூற்றைம்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும். யாருக்கு எத்தனை நாள் என்று ஆபீசிலிருந்து பட்டியல் வந்தது. பார்த்து அட்டை எழுதுவது என் பொறுப்பு. இனி எல்லாம் சட்டப்படி நடக்கும் என்று நம்பினேன். இருபத்தெட்டு வயதில் அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கக் கூடாது.

முதல் நாள் வரிசையில் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"பேரு?"

"பொன்னுமணி."

பட்டியலில் தேடினேன். தொண்ணூற்றிரண்டு நாள்.

"நாள் பத்தாது. அடுத்த ஆளு வா."

அவள் நகரவில்லை. "அய்யா, ரெண்டு வருசமா இங்கதான் பாடுபடுறேன். மழைன்னுகூட நின்னதில்ல."

"பட்டியல்ல அப்படி இல்லியே. நான் பொய்யா எழுத முடியும்? வெரசா நகரும்மா!"

"போன பிள்ளைக்கும் இதைத்தான் சொன்னாக. நீங்க அப்ப லீவுல போயிருந்தீக. புது ஆளுக்குக் கட்டில் இல்லைன்னு நர்சம்மா சொல்லிட்டாக. தூளி கட்டிப் போடிக்குத் தூக்கிட்டுப் போனாக. மெட்டுக்குக் கீழ நாலாவது வளைவுல பிறந்து, அங்கனயே போயிருச்சு. இதையும் ரோட்டுல பெக்கணுமா?"

"ரூலு அப்படி. நான் என்ன செய்ய?"

இதைச் சொன்னது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

அவள் இடது கையை மேசைமேல் வைத்தாள். கட்டைவிரல் ரேகைக்குக் குறுக்கே தடித்த ஒரு தழும்பு.

"இந்த விரலைத் தெரியுதா? வந்த மாசமே ஏலச்செடியில காஞ்ச தட்டை அறுக்கையில அருவா பட்டுச்சு. நீங்கதான் அஞ்சு தையல் போட்டீக. அப்ப எம் பேரு அன்னக்கொடி. அதுதான் ஆத்தா வச்ச பேரு."

"பொன்னுமணின்னு சொன்னே?"

"அது கங்காணி வச்சது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்துவாரு. அவரு சொன்ன பேருக்கு 'இருக்கேன்'னு சொன்னாத்தான் வேலைக்கு விடுவாரு. மொதல்ல அன்னக்கொடி. அப்புறம் சுப்புத்தாய், மாயக்காள். இப்ப பொன்னுமணி."

என் மருந்துப் பேரேட்டை எடுத்துப் புரட்டினேன். அன்னக்கொடி, கட்டைவிரல், ஐந்து தையல். சுப்புத்தாய், இருமல். மாயக்காள், காய்ச்சல். எல்லாம் என் கையெழுத்து. மூன்று தடவை மருந்து கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பால் அடித்தாற்போல் இருந்தது.

வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். கணக்கெழுதும் ரைட்டர் தங்கபாண்டியன் தடுக்கத் தடுக்க சம்பளப் புத்தகங்களை இழுத்துப் பிரித்தேன். பெயருக்கு எதிரே கைநாட்டு. அன்னக்கொடி என்ற பெயருக்கு எதிரே கறுப்பு மசியில் ஒரு கட்டைவிரல், குறுக்கே வெள்ளைக் கோடு. சுப்புத்தாய்க்கு எதிரே அதே கோடு. மாயக்காளுக்கும் பொன்னுமணிக்கும் அதே. பேரை மாற்றிய பாவிகளால் விரலை மாற்ற முடியவில்லை.

மற்ற பெண்களின் பக்கங்களையும் பார்த்தேன். எல்லாருக்கும் நூற்று நாற்பதாம் நாளோடு கணக்கு முடிந்திருந்தது. "ஊருக்குப் போய்விட்டாள்" என்று எழுதியிருந்தது. புத்தகப்படி, மறுநாளே அத்தனை புதுப் பெண்கள் மலையேறி வந்திருந்தார்கள்.

கங்காணி ஒச்சப்பன் வாசலில் நின்று சிரித்தார்.

"கம்பவுண்டரே, ஊசி போடுற சோலியைப் பாருங்க. பேரு மாறுனா பசி மாறுதா? அவளுகளுக்குக் கஞ்சி கெடைக்குது. எனக்குப் புது ஆளுக்குத் தலைக்கூலி கெடைக்குது. எஸ்டேட்டுக்குப் பிரசவச் சம்பளம் மிச்சம். தொரைக்குத் தெரியாமலா இதெல்லாம் நடக்குது?"

அவரை அடித்திருப்பேன். கையில் புத்தகம் இருந்தது, அதனால் தப்பித்தார். நேரே மேனேஜர் தொரையின் அறைக்குள் நுழைந்தேன்.

தொரை நான்கு கைநாட்டையும் பார்த்தார். பிறகு, "சரி ஞானதுரை. அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒரு அட்டை எழுதிக்கோ. ஏதோ பரிதாபத்துக்கு" என்றார்.

அந்தப் பரிதாபம் என்ற சொல்தான் என்னைக் கொளுத்திவிட்டது.

"யார் சார் உங்ககிட்ட பிச்சை கேட்டா? ஐந்நூற்றுப் பன்னிரண்டு நாள் முதுகு ஒடிய வேலை செஞ்சிருக்கா. போன பன்னிரண்டு மாசத்துல மட்டும் இருநூறுக்கு மேல. அந்த நாளைத் திருப்பிக் கேக்கறா. வியாழக்கிழமை லேபர் இன்ஸ்பெக்டர் வர்றார். இதை அவர்கிட்ட நான் பிரிச்சுக் காட்டவா, நீங்களே எல்லாருக்கும் நாளைச் சேத்துத் தர்றீங்களா?"

"உன் வேலை என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். போடியில எங்கப்பா கடையில தராசு இருக்கு."

அவர் ஒரு காகிதத்தை இழுத்தார். எந்தப் பெண்ணின் கைநாட்டு எத்தனை பெயரில் இருந்தாலும் நாளைச் சேர்த்துக் கணக்கிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

திரும்பி வந்தபோது வரிசை கலையவில்லை. அன்னக்கொடி மேசைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. தொரையின் கையெழுத்தைக் காட்டினேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"உன் சொந்தப் பேரைப் போட்டிரட்டுமா, தாயி? அன்னக்கொடின்னு?"

அவசரமாக எழுந்தாள். "வேணாம்யா. நாலையும் எழுதுங்க. ஒண்ணை விட்டாலும் நாள் கொறைஞ்சுரும்பாக."

அட்டையில் பெயருக்கு ஒரு கோடுதான் இருந்தது. அதில் அன்னக்கொடி என்று எழுதினேன். மற்ற மூன்றையும் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, கீழே அந்தக் கட்டைவிரலைப் பதியவைத்தேன். அட்டையை மடிக்காமல், ஈரம் காயும்வரை வயிற்றின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்து நின்றவள் சண்முகத்தாய். பட்டியலில் அறுபது நாள். நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், தன் கட்டைவிரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எம் விரல்ல வெட்டு இல்லையே, அய்யா. எனக்குக் கெடைக்குமா?"

அவள் விரலைப் பிடித்து மசியில் வைத்தேன்.