பூப்பாத்தியில் பறித்த இலை

டெலியா அந்தப் பூப்பாத்தியை மகள் டாம்சினின் கல்யாணத்துக்காகவே போட்டிருந்தாள். மணமக்கள் நிற்கப்போகும் வேலியோரத்தில், பின்வரிசையில் ரோஜா நிறப் பியோனி. அதற்கு முன்னால், வளைந்த கொம்பில் குட்டிக் குட்டி இதயங்கள் தொங்கும் இதயப்பூ. இடையிடையே ஊதாக் கொலம்பைன். முன்வரிசைக்கு வெள்ளை வேண்டுமென்று, மணிமணியாய்ப் பூக்கும் பள்ளத்தாக்கு லில்லி. பக்கத்தில் தானாகப் பரவிய, சூப்புக்கு இலை பறிக்கும் காட்டுப்பூண்டும் வெள்ளைப் பூதானே என்று பிடுங்காமல் விட்டுவைத்தாள். இரண்டும் இன்னும் பூக்கவில்லை, இலைகள்தான் தெரிந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அன்று ஞாயிறு. சம்பந்தி மியூரியலும் அவள் கணவர் கிளைவும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பியர்ஸ் ஒயின் வாங்கப் போயிருந்தான். சூப்பைத் தானே வைப்பதாக மியூரியல் சொன்னபோது டெலியா அடுப்பிலிருந்த ஆட்டுத்தொடையோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"தோட்டத்துல காட்டுப்பூண்டு மண்டிக் கெடக்கு. வேணுங்கறதப் பறிச்சுக்குங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கறிக்குப் புதினா பறிக்க அவள் வெளியே போனபோது உள்ளே சூப்பு பரிமாறியாகிவிட்டது. வேலியோரத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். லில்லி இருந்த மூலை மொட்டையாகக் கிடந்தது.

உள்ளே ஓடினாள். டாம்சின் அப்போதுதான் கரண்டியைக் கையிலெடுத்திருந்தாள். கிளைவ் கிண்ணத்தின் அடியை வழித்துக்கொண்டிருந்தார். டெலியா இரண்டையும் பிடுங்கினாள்.

"யாரும் சாப்பிடாதீங்க. மியூரியல், எந்த எடத்துல பறிச்சீங்க?"

"பூண்டு இருக்கற எடத்துலதான்." மியூரியலின் முகம் இறுகியது. "மோந்து பாத்துத்தான் பறிச்சேன். சின்ன வயசுலேருந்து பறிக்கறேன்."

"ஒரு பிடி பூண்டப் பறிச்ச கையில எதை மோந்தாலும் பூண்டாத்தான் இருக்கும். அது பக்கத்துல இருக்கற லில்லி விஷம்."

"என் சூப்பு புடிக்கலேன்னா நேராச் சொல்லிடுங்க டெலியா. இப்படி அசிங்கப்படுத்த வேண்டாம்."

டெலியா சமையலறைக் கழிவுக்கூடையைக் கொட்டிக் கிளறினாள். பூண்டு ஒவ்வோர் இலையாகத் தனித்தனிக் காம்பில் வரும். கையில் கிடைத்ததோ ஒரே தண்டிலிருந்து சுருண்டு விரிந்த இரண்டு இலை. நடுவே பச்சைமணி கோத்ததுபோல் ஒரு மொட்டுச்சரம். பின்னாலேயே வந்த மியூரியல் அதைப் பார்த்தாள். சட்டென்று கிளைவ் பக்கம் திரும்பினாள்.

"எனக்கொண்ணுமில்லப்பா" என்றார் கிளைவ். "லேசா வயித்தப் பிரட்டுது, அவ்வளவுதான்."

பியர்ஸுக்குச் சொல்ல டாம்சினை வீட்டில் விட்டுவிட்டு மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு டெலியா ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தாள். குறுகலான சந்தில் எதிரே ஒரு டிராக்டர். அது ஒதுங்குவதற்குள் கிளைவ் கதவைத் திறந்து வாந்தியெடுத்தார். பின்சீட்டில் மியூரியல் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தாள்.

"நாடி நின்னு நின்னு அடிக்குது" என்றாள். "சீக்கிரம் போ."

ஆஸ்பத்திரியில் கிளைவை உள்ளே கொண்டுபோய் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். உப்புப் பார்க்க ஒரு வாய் குடித்திருந்த மியூரியலையும் சோதித்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார்கள். இரண்டு பெண்களும் ஒரு நாற்காலி இடம்விட்டு உட்கார்ந்தார்கள்.

"கிண்ணத்தப் புடுங்கினியே, அப்ப உன்னை ஒரு அறை விடலாம்போல இருந்துச்சு" என்றாள் மியூரியல்.

"ரெண்டையும் சேத்து வளர விட்டது நான்தான். பறிக்கச் சொல்லும்போதே சொல்லியிருக்கணும்."

மியூரியல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா. சொல்லியிருக்கணும்."

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை வருமென்று டெலியா எதிர்பார்த்திருந்தாள், வரவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் டாக்டர் வந்தார். நாடி சீராகிக்கொண்டு வருகிறது, நாளை வரை வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். "ஆட்டுக்கறி மிச்சமிருக்கான்னு கேக்கறார்" என்றும் சொன்னார்.

அப்போதுதான் மியூரியல் அழுதாள். டெலியா காலியாயிருந்த நாற்காலிக்கு நகர்ந்து, தயங்கித் தயங்கி அவள் முதுகில் கைவைத்தாள். மியூரியல் விலகவில்லை.

"கறி அடுப்புலயே கெடந்து கருகியிருக்கும்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"டாம்சின் அணைச்சிருப்பா."

"உன் பொண்ணுதானே" என்றாள் மியூரியல். "எனக்கு நம்பிக்கையில்ல."