துரை தலைக்கு மேலே

எங்கள் துரை குளிக்கிற மழைக்கு மேகம் நான்தான். மடுல்சீமைத் தோட்டத்துப் பங்களாவுக்கு அவர் சீமையிலிருந்து ஒரு சாமான் வரவழைத்திருந்தார். பூவாளியின் வாய் போல ஓட்டை ஓட்டையாக, சோற்றுத் தட்டு அகலத்தில் ஒரு பித்தளை மூடி. அதைக் குளிக்கும் அறையில் தலைக்கு மேலே மாட்டினார்கள். சுவருக்கு வெளியே கூரையோரமாக ஒரு பீப்பாயை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே குழாய் போட்டார்கள். நான் ஏணியில் ஏறிப் பீப்பாயில் வெந்நீர் நிரப்ப வேண்டும். உள்ளே துரை திருகைத் திருப்புவார். மழை கொட்டும்.

கொட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நடந்தது என்னவோ சளி பிடித்த மூக்கு ஒழுகுகிற கதைதான். துரை ஆறடிக்கு மேற்பட்ட ஆள். அத்தனை உடம்பிலும் சோப்பைப் போட்டுக்கொண்டு அந்த ஒழுகலுக்குக் கீழே அரை மணி நேரம் நிற்பார். முதலில் பாடுவார். பிறகு முணுமுணுப்பார். கடைசியில் இங்கிலீசில் ஏசுவார். இங்கிலீசு தெரியாத எனக்கே அது ஏச்சு என்று விளங்கியது.

பழி யார் தலையில் விழும்? பீப்பாய் பேசாது, குழாயும் பேசாது. பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டார்.

"டேய் அழகையா, நீ தண்ணி ஊத்துறியா, இல்ல எச்சி துப்புறியா? தொரை மூணு தடவ கேட்டுட்டாரு. ஞாயித்துக்கெழமக்குள்ள தண்ணி வேகமா வரல, திங்கக்கெழம நீ பெரட்டுக்களத்துல நில்லு. மலைக்குப் போ."

"பீப்பா தளும்பத் தளும்ப ஊத்துறேங்க. பன்னெண்டு வாளிங்க."

"எதுத்தா பேசுற?"

பெரட்டுக்களம் என்றால் விடியற்காலையில் பேர் வாசித்து ஆட்களை வேலைக்கு அனுப்புகிற இடம். அங்கே நிற்பதில் எனக்கு மானக்கேடு ஒன்றுமில்லை. மலையில் நனைவதுதான் பயம். எனக்கு இழுப்பு உண்டு. போன வருசத்து மழையில் நாலு நாள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போனேன். ஐந்தாம் நாள் மூச்சுக்காக வாயைப் பிளந்துகொண்டு லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், கிடந்தேன். என் பெண்சாதி பெரியாயி பக்கத்துக் காம்பராவுக்கு ஓடி, நான் செத்துக்கொண்டிருப்பதாகவே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அடுப்பங்கரை ஓரமாக இந்த வேலை கிடைத்தது. இன்னொரு மழையை என் நெஞ்சு தாங்காது. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

வியாழக்கிழமை பதுளைக் கடைவீதியிலிருந்து தகர வேலை ஸஹாப்தீன் நானா வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். துரையே சீட்டு எழுதி வரவழைத்திருந்தார். பசறை வரைக்கும் வண்டியிலும் அங்கிருந்து நடையிலுமாக வந்தவர், வந்ததும் பித்தளை மூடியைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"ஓட்ட சின்னதா ஈக்குது. பெருசாக்கினா தண்ணி வந்திடும்" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. வாசல் பெரிதானால் ஆட்கள் கூடுதலாக வருவார்கள் இல்லையா? ஆணியை வைத்து ஒவ்வோர் ஓட்டையாகத் தட்டிப் பெரிதாக்கினார். மறுநாள் துரை திருகைத் திருப்பினார். முன்பாவது எல்லா ஓட்டையிலும் ஒழுகியது. இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவே நின்ற துரையை விட்டுவிட்டு, சுவரைக் குளிப்பாட்டியது.

துரை அன்று பாடவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஏச்சுதான்.

நானா வெட்கப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். தாடியைச் சொறிந்தார். பாதி ஓட்டைகளுக்கு ஈயம் வைத்து அடைத்தார். கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் விசை போதவில்லை. பிறகு வெளியே வந்து பீப்பாயைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பங்களாவுக்குப் பின்னால் எழும்பி நிற்கிற மேட்டைப் பார்த்தார். மேடு கூரையைவிட இரண்டாள் உயரம் இருக்கும்.

"ஏன் தம்பி, இவ்வளவு நல்ல மேடு ஈக்கக்குள்ள, பீப்பாய ஏன் இந்தப் பள்ளத்துல வச்சிருக்கிறீங்க? மூடிக்கும் பீப்பாய்க்கும் ஒரு சாண்தானே வித்தியாசம்!"

"கங்காணி ஐயா வச்சதுங்க."

"ஏன்?"

எனக்குச் சொல்லவே சிரிப்பு வந்தது. அதுவரை வந்ததில்லை. "மேட்டுல வச்சா, தொரை குளிக்கிறப்ப நான் அவரு தலைக்கு மேல நிக்கணுமுங்களே. அது மரியாத இல்லீங்க. அதனாலதான் அவரு உள்ள வர்றதுக்கு முந்தி நெரப்பிட்டு, எறங்கி, தரையில குந்திக்கிறேன்."

எங்கள் தோட்டத்தில் துரை குதிரையில் வந்தால் நாங்கள் பாதையை விட்டு ஓரத்து வாய்க்காலான கானுக்குள் இறங்குவோம். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைப்போம். மேட்டில் நிற்கிறவன் ஓடி இறங்கிப் பள்ளத்தில் நிற்பான். குளிக்கிற துரை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் துரை துரைதானே என்பது கங்காணியின் கணக்கு.

நானா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தண்ணிக்கு மரியாத தெரியாது தம்பி. ஒசரம் மட்டுந்தான் தெரியும். எவ்வளவு மேல ஈக்குதோ, அவ்வளவு வேகமா வரும்."

கங்காணியிடம் போய்ச் சொன்னார். கங்காணி மீசை துடிக்க மறுத்துவிட்டார். தன் காலத்தில் அப்படியொன்று இந்தத் தோட்டத்தில் நடக்காது என்றார். வேறு வழி பாருங்கள் என்றார். தண்ணீருக்கு வேறு வழி இல்லை என்றார் நானா. அப்படியானால் அழகையாவுக்கு மலைதான் வழி என்றார் கங்காணி. என் எதிரிலேயே சொன்னார்.

சனிக்கிழமை கங்காணி கம்பளி வாங்கப் பதுளைக்குப் போனார். நானா என்னைப் பார்த்தார்.

"நான் நாளைக்குப் போயிடுவேன். ஏச்சு ஒனக்குத்தான். மேட்டுல வைக்கிறதா வேணாமா, நீதான் சொல்லணும்."

கங்காணி பேச்சைத் தட்டினால் வேலை போகும். தட்டாவிட்டாலும் போகும். எப்படியும் போகிற வேலை, தண்ணீரையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். இரண்டு பேருமாகப் பீப்பாயை மேட்டுக்கு உருட்டினோம். கல்லடுக்கி அதன் மேல் நிறுத்தினோம். நானா குழாயை நீட்டி ஒட்டினார். பக்கத்திலேயே வெந்நீருக்கு அடுப்பு மூட்டினேன். பீப்பாய் வாய்க்கு எட்ட ஏணியைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல பனி. துரை உள்ளே போனார். திருகு திரும்பிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தகரக் கூரையில் ஆடி மழை அடிக்கிற சத்தம்! துரை 'ஓ' என்று கத்தினார். பிறகு பாட ஆரம்பித்தார். நானா கீழே நின்று தாடி ஆடச் சிரித்தார்.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. வேகமாக வருகிற தண்ணீர் வேகமாகத் தீரும். அரை மணி நேரம் வந்த பீப்பாய் அரை நொடியில் காலியாகிறாற்போல் இறங்கியது. நான் வாளி வாளியாகத் தூக்கி ஏணியில் ஏறி ஊற்றிக்கொண்டே இருந்தேன். வேர்வை கண்ணில் விழாமலிருக்கத் தலைப்பாகையை இறுக்கிக் கட்டியிருந்தேன்.

அப்போதுதான் துரைக்குச் சலாம் வைக்கக் கங்காணி வந்து சேர்ந்தார். அண்ணாந்து பார்த்தார். துரையின் கூரைக்கும் மேலே, தலைப்பாகையோடு, ஏணி உச்சியில் நான்.

"எறங்குடா! நாயே! தொரை தலைக்கு மேலயா நிக்கிற? எறங்கு!"

பழகின கால்கள், தானாக இறங்கிவிட்டன. தலைப்பாகை கக்கத்துக்குப் போய்விட்டது. வாளியைக் கீழே வைத்துக் கைகட்டி நின்றேன். கங்காணி மேட்டில் ஏறி வந்து என் செவிட்டில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினார்.

மழை நின்றது.

பாட்டும் நின்றது. குளிக்கும் அறையின் சன்னல் படீரென்று திறந்தது. தலை, முகம், மீசை எல்லாம் வெள்ளை நுரையாக, கண்ணைத் திறக்க முடியாமல் துரை வெளியே எட்டினார்.

"யார் நிறுத்தினது? தண்ணி எங்கே? மேலே போ! சீக்கிரம் மேலே போ!"

கங்காணியின் ஓங்கிய கை அப்படியே நின்றது.

"தொரைங்களே, இந்தப் பய தொரைக்கு மேல..."

"மேலே! மேலே!" என்று துரை நுரையைத் துப்பிக்கொண்டு கத்தினார். "கண் எரியுது, மடையா!"

மடையன் என்றது என்னையா அவரையா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டு பேருமே தன்னைத்தான் என்று நினைத்துப் பதறினோம். நான் வாளியை எடுத்தேன். ஏணிப்படி முழுக்கத் தண்ணீரும் சேறும். முதல் படியிலேயே கால் வழுக்கியது.

"பாத்து ஏறுடா" என்றார் கங்காணி, பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு குனிந்து, இரண்டு கையாலும் எனக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.