மேல்படியில் செட்டியார்

நவராத்திரி வந்துவிட்டால் மட்டாஞ்சேரியில் அந்தத் தெருவுக்குச் சீதாலக்ஷ்மி வைத்ததுதான் கொலு. ஆலுவாவிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் "மாமியாத்துக் கொலு மாதிரி வராது" என்று சொல்லாமல் போகக்கூடாது. போனால் அடுத்த வருஷம் அவர்களுக்குச் சுண்டல் ஆறித்தான் கிடைக்கும்.

இந்த வருஷம் அந்தப் பெயருக்கு எதிர்வீட்டு அஞ்சனா வேட்டு வைத்துவிட்டாள். விளம்பரக் கம்பெனியில் படம் போடுகிற பெண். எல்லார் வீட்டிலும் கீழ்ப்படியில் மளிகைக் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையைத் தூக்கி மேல்படியில் வைத்திருந்தாள். சாமிகளெல்லாம் அவருக்குக் கீழே, கையில் தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றார்கள். பிள்ளையார் பக்கத்தில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று அட்டை. முருகன் மயிலை விட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பை மாட்டிய ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தான்.

முதல் நாள் தாம்பூலத்துக்குப் போன சீதாலக்ஷ்மிக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்துவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது. அவள் கொலுவைப் பார்த்து இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை, அழுததில்லை. சுண்டலில் உப்பு குறைகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும், எடுத்து வந்த போட்டோவைச் தங்கள் சமூகத்து வாட்ஸப் குழுவில் போட்டு, "இதெல்லாம் சரியா?" என்று ஒரு கேள்வியும் கேட்டு வைத்தாள். நாலு பேர் முகம் சுளித்தால் போதும், கூட்டம் தன் பக்கம் திரும்பிவிடும் என்று நினைத்தாள்.

போட்டோ ஊரெல்லாம் சுற்றியது. மறுநாள் கொடியோடு ஓர் ஊர்வலம் வந்தது, பின்னாலேயே போலீஸ் ஜீப். கொலுவை உடனே எடுக்க வேண்டும் என்று கத்தினார்கள். ஊர்வலத்தில் வந்த பெண்களே அதற்குச் சம்மதிக்கவில்லை. வைத்த கொலுவை விஜயதசமிக்கு முன்னால் கலைப்பது ஆகாது, வீட்டுக்கு நல்லதில்லை என்றார்கள். தலைவர்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில், விஜயதசமி வரைக்கும் தினமும் வந்து எதிர்ப்பதாக முடிவாயிற்று.

எதிர்ப்பைப் பார்க்கக் கூட்டம், கூட்டத்தைப் பார்க்கக் கூட்டம். வைட்டிலாவிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். எல்லாரும் சீதாலக்ஷ்மியின் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவரும் கொலு பார்க்க உள்ளே வரவில்லை. சுண்டல் ஊசிப்போயிற்று.

"நீயாக்கும் கொளுத்திப் போட்டது," என்றார் கணவர் வெங்கிடராமன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிறகு டி.வி.யிலிருந்து ரோஹன் என்றொரு பையன் மைக்கோடு வந்தான். சீதாலக்ஷ்மி பட்டுப்புடவை கட்டி, கொலுவின் சீரியல் விளக்குகளைப் போட்டு, தசாவதார செட் முழுக்கத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டாள். "இது பண்ருட்டியிலேந்து வரவழைச்சதாக்கும்," என்று ஆரம்பித்தாள்.

"அம்மே, அது வேண்டா. எதிர்வீட்டுக் கொலு கண்டு வேதனை உண்டோ, அது மட்டும் பறஞ்ஞா மதி," என்றான். அதை மட்டும் சொன்னால் போதுமாம்.

வேதனை இருந்தது. சத்தியமாக இருந்தது. "அவளைச் சொல்லிக் குத்தமில்லை," என்றாள். "இப்படிக் கொலு வைக்க யார் சொல்லிக்கொடுத்தாளோ, அவாளைத்தான் நிக்க வெச்சுக் கேக்கணும்."

அன்று சாயங்காலம் அது ஒளிபரப்பாயிற்று. குரல் அவளுடையது. படத்தில் முழுக்க அஞ்சனாவின் கொலு. தசாவதாரத்தில் ஒரு மீன்கூட வரவில்லை.

சரஸ்வதி பூஜையன்று அஞ்சனாவே வந்தாள். தாம்பூலம் கொடுத்தவள் திரும்பி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது முறை. அந்த நவராத்திரியில் கொலு பார்க்கச் சீதாலக்ஷ்மியின் வீட்டுப் படியேறியது அவள் ஒருத்திதான். அவள் மேல்படியைப் பார்க்கவில்லை. நேரே கீழே குனிந்து, செட்டியாரின் குட்டித் தராசை விரலால் தொட்டாள்.

"டி.வி.ல பாத்தேன் மாமி. யார் சொல்லிக்கொடுத்தான்னு கேட்டேளே."

சீதாலக்ஷ்மி வெற்றிலையை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

"நீங்கதான். சின்னதுலே இங்க வந்தா நான் இந்தச் செட்டியாரை மட்டுந்தான் பாத்துண்டு உக்காந்திருப்பேன். சாமிகிட்ட ஆரும் போகலை, எல்லாரும் இவர் கடையைத்தான் சுத்தி நிக்கறான்னு ஒருநா நீங்களே சொல்லிச் சிரிச்சேள். அதுதான் என் கொலு. என்கிட்ட எடுத்த பேட்டியில உங்க பேர், ஆத்து நம்பர் எல்லாம் சொன்னேன் மாமி. அதை மட்டும் வெட்டிட்டான்."

சீதாலக்ஷ்மியின் கையிலிருந்த பாக்கு ஒன்று உருண்டு போய்ச் செட்டியார் கடையில் முட்டியது.

"எந்த சேனல்காரன்?" என்று கேட்டாள்.