ஏழு பேர், மூன்று காலி சீட்டு

பக்கத்து வீட்டுச் சங்கதியை ஒட்டுக் கேட்பது தப்பு என்பார்கள். பெருமுக்கல்லில் எங்கள் வீட்டுக்கும் ராஜவேலு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். காது வைக்காவிட்டாலும் கேட்கும். வைத்தால் தெளிவாகக் கேட்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம், வேர்க்கடலை பிடுங்கும் சமயம். ராஜவேலுவின் மகள் கிருஷ்ணவேணி திண்டிவனத்தில் பத்தாவது படித்தாள். மரக்காணத்திலிருந்து வரும் காலை பஸ் எங்கள் ஊரில் நிற்காமல் போய்விடும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் கண்டக்டருக்கு இளக்காரம். அடுத்த பஸ்ஸில் போனால் முதல் மணி தப்பிவிடும்.

"இன்னொரு தபா லேட்டுன்னு சீட்டு வந்துச்சுன்னா படிப்புக்கு முழுக்கு. மல்லாட்டை பிடுங்க ஆள் கெடைக்காம பேஜாரா கெடக்குது" என்று ராஜவேலு கத்தியது தெருவுக்கே கேட்டது.

கிருஷ்ணவேணி அழுகிற ரகம் இல்லை. விழுப்புரத்திலிருக்கும் பஸ் முதலாளிக்கு மனு எழுத உட்கார்ந்தாள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள், கேட்க வேண்டுமா? நாலு பக்கம். தோழி அம்சாவுக்கு வாசித்துக் காட்டினாள்: "வண்டி வேந்தே! வள்ளலே! நில்லாது பாயும் நின் நெடுந்தேரை நித்தமும் நோக்கி நெஞ்சுருகி நிற்கின்றோம்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த எனக்குச் சிலிர்த்துவிட்டது. விஷயம் என்னவென்றுதான் புரியவில்லை.

முதலாளிக்கும் புரியவில்லை. பத்தாம் நாள் கார்டு வந்தது. தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். கார்டு என்றால் யாரும் படிக்கலாம். "தங்கள் வாழ்த்துமடல் கிடைத்தது. மிக்க நன்றி. கண்ணாடி போட்டுப் பஸ்ஸில் மாட்டச் சொல்லியிருக்கிறோம்."

அம்சா சுவர் அதிரச் சிரித்தாள். "நிக்காம போற பஸ்ஸை, நிக்காம போறியேன்னு புகழ்ந்துட்டியேடி!"

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தேவிட்டது. ராஜவேலு புத்தகப் பையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார். அப்போதுதான் கிருஷ்ணவேணிக்குக் கோபம் வந்தது.

"நான் லேட்டாவாப்பா கெளம்பினேன்? எட்டு மணிக்கே புளியமரத்தாண்ட ஏழு பேரு நின்னுக்கினு இருந்தோம். எட்டேகாலுக்கு பஸ் வந்துச்சு. பின்னாடி மூணு சீட்டு காலி. கண்டக்டரு எங்களைப் பார்த்துக்கினே விசில் ஊதிட்டாரு. பின்னாலியே ஓடின புள்ளை வுழுந்து முட்டி பேந்துடுச்சு."

ராஜவேலு, "எந்தப் புள்ளை?" என்றார். நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.

பை பரணிலிருந்து இறங்கியது; பஸ்ஸை நிற்க வைக்க ஒரு வாரம் தவணை கிடைத்தது.

"இப்ப சொன்னியே, இதை எழுதுடி. வள்ளலை வுட்டுடு" என்றாள் அம்சா.

இந்த முறை ஒரே ஒரு கார்டு. முதலில் சிலேட்டில் எழுதிப் பார்த்தார்கள். 'பெருங்கொடுமை' என்ற வார்த்தை தலைகாட்டியது.

"முட்டி பேந்ததைச் சொல்லிட்ட இல்ல? கொடுமைன்னு மொதலாளியே சொல்லிப்பாரு. அழி" என்றாள் அம்சா.

உரக்கப் படித்தார்கள். மூச்சு வாங்கிய இடத்தில் வாக்கியத்தை முடித்தார்கள். தேதியும் பஸ் நம்பரும் சேர்ந்தன. கடைசி வரி: 'வரும் திங்கள் முதல் பஸ் இங்கே நிற்க வேண்டும்.' மூன்று தடவை சிலேட்டைத் துடைத்த பிறகே கார்டில் மை பட்டது.

வம்பு பேசுகிறவர்களுக்கு இது பழைய பாடம். யார், எங்கே, எப்போது, என்ன ஆயிற்று என்று சொல்லிவிட வேண்டும். 'ஐயையோ' என்பதைக் கேட்கிறவள் பார்த்துக்கொள்வாள். இதற்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எனக்கும் திண்டிவனத்தில் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்காதீர்கள். எட்டேகாலுக்குப் பஸ் வந்தது, நின்றது. ஏழு பேரும் ஏறினார்கள். டிரைவருக்குப் பின்னால் கண்ணாடிக்குள் 'வண்டி வேந்தே!' மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் அதைத் தட்டிக் காட்டினார். "பாரு, இதை எழுதினவரு பெரிய வித்துவான். இன்னொண்ணு எழுதினது எவளோ வம்புக்காரி. அவளால மொதலாளிகிட்ட எனக்கு நல்ல மண்டகப்படி."

கிருஷ்ணவேணி கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"வம்புக்காரிதாங்க. ஜல்தியா திண்டிவனம் ஒண்ணு குடுங்க."