லவெல்லின் மோதிர விரல்

பத்தொன்பது வருடமாக இந்த அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர்களுக்குக் கணுக்கால் கட்டுப் போடுகிறேன். லவெல் ப்ரூடோமின் உடம்பில் எனக்குத் தெரியாத எலும்பே இல்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்தான். வீசும் பந்தை ஓடிப் பிடிப்பது அவன் வேலை. அந்த வேலையில் பதினான்கு வருடம் தாக்குப்பிடிப்பது சாதாரண விஷயமில்லை.

அன்று சீசனுக்கு முந்தைய கடைசி ஒத்திகை ஆட்டம். மறுநாள் நான்கு மணிக்குள் ஐம்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லவெல்லுக்கு வயது முப்பத்தாறு. ஆட்டம் முக்கால்வாசி முடிந்தும் அவன் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை.

"என்ன தாத்தா, முட்டிக்கு எண்ணெய் போட்டாச்சா?" என்று அவனை மறிக்கும் எதிரணிக்காரன் சீண்டினான்.

"போட்டாச்சுடா. நீ வழுக்கி விழாம பாத்துக்கோ."

அடுத்த நிமிடமே, பந்தோடு ஓடும் எங்கள் ஆளுக்கு வழி உண்டாக்க, எருமை மாதிரி இருந்த ஒருவனை முட்டித் தள்ளிவிட்டு லவெல் என்னிடம் வந்தான். இடது மோதிர விரல் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. இழுத்து நேராக்கினேன். உள்ளே நறநறத்தது.

"ஒடஞ்சிருக்குடா. டாக்டர்கிட்ட சொல்லியாகணும்."

"சொன்னா என் கதை இன்னிக்கே முடிஞ்சுது, ரஸ்ஸல். ஒரே ஒரு பந்து. அப்புறம் என்ன வேணா எழுதிக்கோ."

"கிறுக்கா உனக்கு? விரலே போயிடும்."

"இன்னும் ஒம்போது இருக்குல்ல?"

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கடைசியில் பந்து வந்தது. மைதானத்தின் மூலைக்கு, கண்டபடி உயரமாக. வெளியேதான் விழும் என்று நான் சத்தியமே செய்திருப்பேன். லவெல் எம்பினான். வலது கை மட்டும் போதாது என்று தெரிந்ததும் உடைந்த கையும் மேலே போனது. பந்து கைகளுக்குள் அடங்கியது. உடம்பு எல்லைக்கோட்டைத் தாண்டிச் சாய்ந்துகொண்டிருக்க, இரண்டு கால்களின் நுனியும் கோட்டுக்கு உள்ளே புல்லைக் கீறிக்கொண்டு போயின. இரண்டும் உள்ளே பட்டால்தான் கணக்கு. பட்டிருந்தன. நான் தண்ணீர் பாட்டில்களை உதைத்துக் கவிழ்த்தது எனக்கே தெரியவில்லை. சீண்டியவன் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

"யோவ் தாத்தா, என்னய்யா இது!"

ஆட்டம் முடிந்ததும் லவெல் தானே டாக்டரிடம் போய்க் கையை நீட்டினான். எக்ஸ்ரேயில் புது முறிவு ஒன்று. இரண்டு கைகளிலுமாகத் தானே கூடிப்போன பழைய முறிவுகள் ஏழு. டாக்டர் என்னைப் பார்த்தார். காயங்களைக் குறித்துவைக்கும் என் கோப்பில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எப்படா இதெல்லாம்?"

"இந்தச் சுண்டு விரலு மூணாவது வருஷம், டென்வர்ல, பனியில. இது டல்லாஸ், கடைசி நிமிஷம்..." ஏழுக்கும் சொன்னான்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஆட விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

ஆறு வாரம் ஆட முடியாதவனுக்கு ஐம்பத்து மூன்றில் இடமில்லை. மறுநாள் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. அவன் போன பிறகு அந்த ஏழு ஆட்டங்களின் வீடியோ பதிவுகளையும் போட்டு, விரல் முறிந்த இடங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவன் பந்தை விடவில்லை.