வெள்ளிக்கிழமை எடுத்த படம்

தோற்றுப்போன அணியின் ரசிகர்களுக்கு ஒரு வசதி உண்டு. திட்டித் தீர்க்க உடனே ஓர் ஆள் கிடைத்துவிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால்பந்து மைதானத்தைவிட்டு வெளியே வந்த அத்தனை பேருக்கும் ஒரே ஆள்தான் கிடைத்தான். தற்காப்பு வரிசையில் நடுவில் நிற்பவன். ஏழு வருடமாக எவனையும் லேசில் தாண்டவிடாதவன். அதனாலேயே ‘சுவரு’ என்று ஊரே செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். இருபத்திரண்டு வருடம் கழித்து இறுதிப் போட்டிக்கு வந்து, எழுபது நிமிடம் வரை ஒரு கோல் முன்னால் இருந்து, கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று மண்ணைக் கவ்வினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? இரண்டு கோலும் அவன் பக்கமாகவே விழுந்தன. முதல் கோலுக்கு அவன் திரும்பவில்லை. இரண்டாவதற்கு எம்பவில்லை. ஜெயித்த அணிக்கே அடுத்த வருடம் அவன் போகப்போகிறான் என்று ஏற்கெனவே அரசல்புரசலாக ஒரு பேச்சு இருந்தது. ஊருக்கு இது போதாதா?

“விட்டுக் கொடுத்துட்டான் அண்ணி. வேணும்னே விட்டுக் கொடுத்துட்டான்,” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான் கொழுந்தன். அச்சகத்தில் வேலை பார்ப்பவன். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் அவளோடு முதலில் ஒட்டிக்கொண்டது புருஷன் அல்ல, இந்தக் கொழுந்தன்தான். காரணம் பந்து. எட்டு வருடமாக இரண்டு பேரும் உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. வழக்கமாகத் தோற்ற நாளில் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு திட்டுவார்கள். நடுவரின் கண்ணில் ஆரம்பித்துப் பயிற்சியாளரின் மண்டைவரை ஒன்றும் தப்பாது. அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. கொழுந்தன் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

துக்கம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று கிடந்து குடைந்துகொண்டிருந்தது.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள். அங்கே அவளுக்குப் பெயரே ‘எக்ஸ்ரே அக்கா’தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், இயந்திரத்தை அணைக்கப் போகிற நேரத்தில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன் சீட்டோடு வந்து நின்றான். தொப்பியைக் கழற்றியதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாட்சாத் சுவரு. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே பத்து நாளாக வலியாம். கிளப்பில் சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று தானாகவே வந்திருக்கிறான்.

படம் எடுத்தாள். திரையில் எலும்பு வந்தது. அதில் ஒரு கோடு இருந்தது.

தலைமயிரைவிட மெல்லிய கோடு. எலும்புக்குள் ரத்தக்குழாய் போகிற தடமும் சில சமயம் இப்படித்தான் தெரியும். அது தடமா விரிசலா என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினாள். பாதிவரை பெரிதாக்கிவிட்டு, அதற்குமேல் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். ஏன் நிறுத்தினாள்? அந்தக் கேள்விதான் ஞாயிற்றுக்கிழமை அவளைப் போட்டுக் குடைந்தது. படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரம்மா வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே கிளம்பிவிடுவார், இனி திங்கட்கிழமைதான். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று அவருடைய எண் சுவரில் ஒட்டியிருக்கிறது. அவள் கூப்பிடவில்லை.

அவன் காலுறையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, “எப்படி இருக்குக்கா?” என்று கேட்டான்.

படம் எடுக்கிறவர்கள் நோயாளியிடம் நல்லது கெட்டது எதுவும் சொல்லக் கூடாது. டாக்டர் சொல்வார் என்று ஒரு வார்த்தை போதும். பதினோரு வருடத்தில் ஆயிரம் பேரிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். அழுதவர்களிடம், சண்டைக்கு வந்தவர்களிடம், சொந்த நாத்தனாரிடம்கூட. அன்றைக்குப் பார்த்து நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டது. “ஒண்ணுமில்ல தம்பி. நல்லாத்தான் இருக்கு. ஜெயிச்சுட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டாள். அவன் முகம் மலர்ந்ததை நினைத்து நினைத்து, வீட்டுக்குப் போகும்வரை பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு வேறு போனாள், மகராசி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள். துணி மடிக்க உட்கார்ந்து, பாதியில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தி, திரும்பவும் திறந்தாள். கூடத்தில் கொழுந்தன் தொலைக்காட்சியில் அந்த இரண்டு கோலையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். காதைப் பொத்திக்கொண்டால்கூட வர்ணனையாளரின் குரல் கேட்டது. எழுபத்தொன்றாவது நிமிடம், எதிரணிக் குட்டையன் பந்தோடு வருகிறான், சுவரு இடது காலை ஊன்றித் திரும்பப் பார்க்கிறான், கால் திரும்பவில்லை.

அவளுக்கு அதைத் திரையில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இடைவேளை முடிந்து அவன் இறங்கியபோதே அவள் கவனித்துவிட்டாள். வலது காலில்தான் நிற்கிறான். இடதை வைத்து எடுப்பதே ஒரு தினுசாக இருந்தது. நியாயமாக அவளுக்கு அப்போது என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஐயோ, அவனை வெளியே எடுங்கள் என்றுதானே? அவள் என்ன வேண்டினாள் தெரியுமா? இன்னும் நாற்பத்தஞ்சு நிமிஷம் தாங்கிடு சாமி, நாற்பத்தஞ்சே நிமிஷம் என்று வேண்டினாள். அறுபதாவது நிமிடத்தில் அவன் குனிந்து காலைப் பிடித்தபோது, எழுந்து நின்று, “ஏய், எழுந்திரு!” என்று கத்தியவர்களில் அவளும் ஒருத்தி. தொண்டை இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

ஆட்டம் முடிந்து அவனை இரண்டு பேர் தோளில் தாங்கிக் கூட்டிப்போனார்கள். நடிக்கிறான், நடிக்கிறான் என்று கூட்டம் ஊளையிட்டது. காலித் தண்ணீர் பாட்டில்கள் அவன் முதுகில் விழுந்தன. அவன் இடது பாதம் தரையில் இழுபட்டுக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். அந்த மாதிரி பாதங்களை அவள் தினமும் பார்க்கிறவள்.

கணவன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். பந்தாட்டம் என்றால் அவனுக்குப் பெரியவர்கள் வெயிலில் ஓடுகிற விஷயம், அவ்வளவுதான். சாப்பிடும்போது தம்பியின் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆளுக்கு வலி இருந்தால் உட்காரச் சொல்லியிருக்கலாமே, ஒரு மின்தூக்கியில் சத்தம் வந்தால்கூட நாங்கள் நிறுத்திவிட்டுத்தானே பார்க்கிறோம் என்றான். உனக்கு என்ன தெரியும் என்று தம்பி அவன்மேல் பாய்ந்தான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை பேருந்திலும் அதே பேச்சு. நடத்துனர் முதல் கடைசி இருக்கைக் கிழவர்வரை சுவரை ஆளுக்கொரு உதை உதைத்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, டாக்டரம்மாவிடம் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். கண்ணுக்குத் தப்பிவிட்டது டாக்டர். சின்ன வாக்கியம், யாரும் நம்பக்கூடியது. அவ்வளவு மெல்லிய கோடு யாருக்கும்தான் தப்பும். கொஞ்சம் திட்டு விழும், அதோடு போகும். இறங்குவதற்குள் அதை ஒரு இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக் கதவை அவள் திறக்கும்போதே சுவரு வந்து காத்திருந்தான். சக்கர நாற்காலியில், காலுக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு. பக்கத்தில் கிளப் செயலாளர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றார். விஷயம் இதுதான்: காயத்தை மறைத்து இறங்கி அணியைக் கவிழ்த்தான் என்று கிளப் அவனை நீக்கப்போகிறது. எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள் என்று அவன் சொன்னதை அங்கே ஒருத்தரும் நம்பவில்லை. அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் செயலாளரே கூட வந்திருந்தார். நீக்கப்பட்டவனை வேறு எந்த அணியும் சீண்டாது. அவனுக்குப் பந்தைத் தவிர வேறு தொழில் தெரியாது.

டாக்டரம்மா புதிதாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். அவள் அவனை உள்ளே தள்ளிக்கொண்டுபோய், காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். வீங்கிக் கருத்திருந்தது. கை பட்டதும் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“நான் பொய் சொல்றேங்கிறாங்கக்கா. நீங்க சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்,” என்றான். பிறகு, “வலிச்சுதுக்கா. ரொம்ப வலிச்சுது. நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதால, பயத்துலதான் அப்படித் தோணுதுன்னு நினைச்சுக்கிட்டேன்,” என்றான்.

அவள் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இன்றைய படத்தில் எலும்பு இரண்டாக விலகி நின்றது. வெள்ளிக்கிழமைப் படத்தை அவர் முழுதாகப் பெரிதாக்கினார். மயிரிழை இப்போது பேனாவால் கிழித்த மாதிரி இருந்தது. தடமாவது, ஒன்றாவது. விரிசல்.

செயலாளர் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார். அப்படியானால் வெள்ளிக்கிழமையே இவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் இறங்கியிருக்கிறான் என்றார். டாக்டரம்மாவும் அவனுக்கு உதவவில்லை. இங்கே படம் எடுக்கிறவர்கள் நோயாளியிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள், இந்த அம்மா அப்படிப்பட்டவரே இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். பதினோரு வருட நல்ல பெயர் அப்படி வந்து குறுக்கே நின்றது. சுவரு அவளையே பார்த்தான்.

“நான்தான் சொன்னேன் டாக்டர்,” என்றாள். “ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெல்ல, இவ்வளவு சின்னக் கோடு கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று அவரே ஆரம்பித்தார். அவள் பேருந்தில் தயார் செய்துகொண்டு வந்த அதே வாக்கியம், கேட்காமலே கையில் வந்து விழுந்தது. ஆமாம் என்றால் முடிந்தது. அவன் பிழைத்தான், அவளும் பிழைத்தாள்.

“தப்பல டாக்டர். பார்த்தேன். முழுசாப் பெருசாக்கிப் பார்த்தா விரிசல்னு தெரிஞ்சிடுமோன்னு பாதியில நிறுத்திட்டேன். உங்களையும் கூப்பிடல. ஞாயித்துக்கிழமை இவர் இறங்கணும்னு எனக்கு ஆசை.”

செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா, இதை எழுதித் தர வேண்டியிருக்கும், வேலைக்கே ஆபத்து, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டோம், இனி இந்தக் குடைச்சல் அடங்கிவிடும் என்று ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவன் தோளில் கைவைத்து, சரி தம்பி, நான் கிளப்பில் பேசிக்கொள்கிறேன் என்றார்.

சுவரு அந்தக் கையைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். எதையோ கணக்குப் போட்டு விடை வராதவனைப் போல் பார்த்தான்.

“நாம ஜெயிச்சிருந்தா இதைச் சொல்லியிருப்பீங்களாக்கா?” என்று கேட்டான்.

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அந்த அறையில் மூன்று பேரும் நம்பியிருப்பார்கள். இவ்வளவு சொன்னவள் அதைச் சொல்ல மாட்டாளா? ஆனால் அந்த இன்னொரு திங்கட்கிழமை அவள் கண்முன்னே பளிச்சென்று வந்துவிட்டது. ஊரெல்லாம் வெடிச் சத்தம். கொழுந்தனும் அவளும் கத்திக் கத்திக் குரலே இல்லாமல் கிடக்கிறார்கள். பேருந்தில் நடத்துனர் சுவரின் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் இனிப்பு நீட்டுகிறார். இதே உடைந்த காலோடு இவன் இதே நாற்காலியில் சிரித்துக்கொண்டு வருகிறான். கண்ணுக்குத் தப்பிவிட்டது டாக்டர் என்று அவள் வாய்கூசாமல் சொல்கிறாள். அவனோடு நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்கிறாள்.

“மாட்டேன் தம்பி,” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அவனைக் கட்டுப்போடும் அறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாற்காலியின் கால்பலகையிலிருந்து அவன் பாதம் வழுக்கித் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தூக்கி வைக்க அவள் குனிந்தாள்.

“நீங்க வேணாம்,” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் காலை அவனே தூக்கி வைத்துக்கொண்டான்.